ஒரே விருந்து, ஊர்ப்பட்ட பில்

அன்பும் மரியாதையும் ரோஷமும் நிறைந்த சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் மருமகனைப் பெற்றவள், உங்கள் மகளோடு இத்தனை வருஷமாகக் குப்பை கொட்டிக்கொண்டிருப்பவள் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். அங்கே நீங்கள் நலமா என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை, ஏனென்றால் செவ்வாய்க்கிழமை காலையில்கூட உங்கள் கட்டைவிரல் ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. பணம் வந்து சேர்ந்துவிட்டது என்று என் ஃபோன் சிணுங்கியது. அந்தக் கட்டைவிரல் நீடூழி வாழட்டும், ஆனால் கொஞ்ச நாளைக்கு அதற்கு வேறு வேலை ஏதாவது கொடுங்கள். சம்பந்தி ஐயாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? ஓய்வு பெற்றவரை ஓய்வாக இருக்க விடுகிறீர்கள் என்று நம்புகிறேன். நம்பிக்கைக்கு வரி கிடையாதாம், விசாரித்துவிட்டேன்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் நம் வண்டிக்காரரிடம் ஒரு தாள் இருக்கிறது. அதில் உங்கள் கையெழுத்து வேண்டும். திங்கட்கிழமை காலையில் அந்தத் தாளை வரி அலுவலகத்தில் கொடுக்காவிட்டால் நம் சமையல்கூடத்தைப் பெரிய வியாபாரிகளின் வரிசையில் சேர்த்துவிடுவார்கள். சேர்த்தால் பில்லில் போடுகிற வரி ஏறும். ஏறினால் ஆபீஸ் மதியச் சாப்பாட்டு ஆர்டர் கையை விட்டுப் போகும். உங்கள் மகள் நாயாய் அலைந்து பிடித்த ஆர்டர் அது. இதற்கெல்லாம் காரணம் நான்தான் என்று அவள் சொல்கிறாள், நீங்களும்தான் என்று சொல்கிறாள். அவள் சொன்னதில் பாதி சரி, எந்தப் பாதி என்று நான் சொல்லப்போவதில்லை.

நான் அதிகம் படித்தவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும், நாலு பேருக்கு நடுவில் நீங்களே அதை எடுத்துச் சொல்லியும் இருக்கிறீர்கள். படிக்கிற காலத்தில் என்னைப் பெஞ்சு மேல் நிற்க வைத்த வாத்தியாரின் முகம் இன்றைக்கும் கண்ணுக்குள் இருக்கிறது. பிற்காலத்தில் அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஆர்டர் கொடுக்க அவரே நேரில் வந்தார், அடுப்பில் ஆளில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவரை நிற்க வைத்தேதான் சொன்னேன். அதனால் எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஆனால் நடந்ததில் ஒரு சொல்லைக்கூட நான் மறக்கவில்லை. ஆதியிலிருந்தே சொல்கிறேன். நீங்கள் உங்கள் தங்கையிடம் பாதியிலிருந்து சொல்லி வருவதாகக் கேள்வி.

நான் அடுப்பு மூட்டின காலத்தில் பில் என்று ஒன்றைப் பார்த்ததே இல்லை. எத்தனை தலை, தலைக்கு எவ்வளவு, முன்பணம் போக மீதி எவ்வளவு, எல்லாம் மண்டைக்குள் இருக்கும். மண்டபத்து மேனேஜர் ஒருத்தர் இருநூறு பேர் என்று சொல்லிவிட்டு முந்நூறு பேரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார், கேட்டால், "கொழந்தைங்களைக்கூட எண்ணுவீங்களா?" என்று சிரித்தார். அந்தக் குழந்தைகளில் பாதிப் பேருக்கு மீசை இருந்தது. இப்படியே போய்க்கொண்டிருந்த இடத்தில் உங்கள் மகள் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். இனிமேல் எல்லாவற்றுக்கும் பில், பில்லில் வரி, வரிக்கு ஒரு நம்பர், நம்பருக்கு ஒரு ஆடிட்டர் என்றாள். அவள் செய்தது தப்பென்று நான் சொல்லவில்லை. அன்றைக்குச் சொன்னேன், இன்றைக்குச் சொல்லவில்லை.

பில் வந்த பிறகுதான் மனிதர்களைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டேன். நம்மிடம் சாப்பாடு வாங்கின துணிக்கடைக்காரர், "பில்லெல்லாம் எதுக்குங்க நமக்குள்ள, வரியைக் கழிச்சுட்டு மீதியை வாங்கிக்கங்க" என்றார். உங்கள் மகள் கறாராகப் பில்லை நீட்டியதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். ஒரு மாசம் கழித்து அவரே வந்து, "எங்க ஆடிட்டர் கேக்கறார், அந்த பில்லு இன்னொரு காப்பி கிடைக்குமா?" என்று பல்லைக் காட்டினார். பல் டாக்டரின் பல்லை நான் பார்த்ததே இல்லை, அவர் ஃபோனிலேயே காலத்தை ஓட்டுபவர். பில் அனுப்பினால் வரவில்லை என்பார். மறுபடி அனுப்பினால், "இப்ப ரெண்டு பில்லு இருக்கு, எதைக் கட்டறதுன்னு குழப்பமா இருக்கு" என்பார். இந்த மாதிரி ஆட்களுக்காகத்தான் உங்கள் மகள் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தாள். யாரிடமிருந்து பணம் வந்தாலும் அதுவே பார்த்து, அதுவே ஒரு பில் போட்டு, அவர்கள் ஃபோனுக்கே அனுப்பிவிடும். இந்த வித்தையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நமக்குக் குழி வெட்டியது அதுதான். நாமாகவும் கொஞ்சம் வெட்டினோம்.

வரியைப் பற்றி எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். கூப்பிடாமலே வந்து, முதல் பந்தியில் உட்கார்ந்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, போகும்போது நம் தட்டில் என்ன மிச்சம் என்று எட்டிப் பார்க்கிற விருந்தாளிதான் வரி. சமைக்கிறவள் நான், அணையாத அடுப்போடு மல்லுக்கு நிற்பவள் நான், ஆனால் அவருக்கு எடுத்து வைத்த பிறகுதான் எனக்கு. போகட்டும், ரோடு போடுகிறார்கள், விளக்குப் போடுகிறார்கள், எப்போதாவது எரிகிறது. சின்ன வியாபாரிகளுக்கு ஒரு சலுகையும் வைத்திருக்கிறார்கள். வருஷத்து விற்பனை ஒரு கோட்டைத் தாண்டாமல் இருந்தால் வரி கொஞ்சம்தான், தாண்டிவிட்டால் கம்பெனிக்காரர்களுக்குப் போடுகிற வரி. உங்கள் மகள் அந்தக் கோட்டுக்குக் கீழேயே, பால் பொங்கி வழியாமல் அடுப்பைத் தணித்து வைக்கிற மாதிரி, வருஷாவருஷம் பார்த்துப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாள். இதில் அவள் கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனம் யார் வழியில் வந்தது என்று யோசித்துப் பார்த்தேன், சம்பந்தி ஐயா வழியில்தான் இருக்க வேண்டும்.

இப்போது விருந்துக்கு வருகிறேன். சம்பந்தி ஐயா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்றைக்கு அவர் ஆபீஸுக்குப் பின்னால் இருக்கும் ஹாலில் சாயங்கால விருந்து. நானே வந்து நின்று நடத்தினேன். உட்கார்ந்தால் நீங்கள் கிழவிக்கு முடியவில்லை என்று சொல்வீர்கள் என்பதற்காக ஓர் இடத்தில்கூட உட்காரவில்லை. வந்தவர்கள் எல்லாரும் வயிறு நிறையச் சாப்பிட்டுப் போனார்கள். நீங்கள் மட்டும் கையைக் கழுவிக்கொண்டே, "சாப்பாடெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு சம்பந்தி, குழம்புலதான் உப்பு கொஞ்சம் ஓடிப்போச்சு" என்றீர்கள். சரி, ஓடிப்போன உப்பைத் துரத்தவா முடியும் என்று குழம்பு அண்டாவை மூடினேன். அதோடு விட்டிருக்கலாம். ஈரக் கையைத் துடைத்தபடி, உங்கள் தங்கை, உங்கள் நாத்தனார், ஆபீஸ் பெண்கள் எல்லாரும் கேட்கும்படி, "பில்லை மறக்காம அனுப்பிடுங்க, எங்களுக்கு ஓசிச் சாப்பாடு செரிக்காது" என்றீர்கள். என் மகனுக்குப் பெண் கேட்டு வந்த அன்றைக்கு, "சமைக்கிற வீடு, எப்படியும் பொண்ணு பட்டினி கிடக்க மாட்டா" என்று சொல்லிச் சிரித்ததும் இதே வாய்தான். அதை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதி வரும்போது இன்னொரு தரம் மறக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் மகளைக் கூப்பிட்டு, "சம்பந்தி வீட்டு விருந்துக்கு பில் போடக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். அவள் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே, "அத்தை, இத்தனை பேருக்கு அரிசி வாங்கியிருக்கோம், எண்ணெய் வாங்கியிருக்கோம், கேஸ் வாங்கியிருக்கோம், எல்லாத்துக்கும் ரசீது இருக்கு. சமைச்ச சாப்பாடு எங்க போச்சுன்னு கேட்டா என்ன சொல்றது, நாமளே தின்னுட்டோம்னா? எங்க அம்மா வீடா இருந்தாலும் பில்லு பில்லுதான்" என்றாள். சொன்ன கையோடு பட்டனைத் தட்டிவிட்டாள். நீங்களும் அந்த க்ஷணமே பணத்தை அனுப்பிவிட்டீர்கள். எங்கள் தொழிலில் இவ்வளவு சீக்கிரம் பணம் கொடுத்த ஆளை நான் கண்டதில்லை. பல் டாக்டருக்கு உங்களை அறிமுகம் செய்து வைக்க வேண்டும், ஒரு பல்லாவது பிடுங்கிக்கொண்டு வாருங்கள்.

அந்தப் பணத்தைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கடையும் என் பெயரில், வங்கிக் கணக்கும் என் பெயரில். ஃபோனில் எனக்குத் தெரிந்தது இரண்டே வேலை. ஒன்று கூப்பிட்டால் எடுப்பது, இன்னொன்று பணம் அனுப்புவது. இரண்டாவதைச் சொல்லிக்கொடுத்தவர் காய்கறிக்காரர். அவருக்குப் பணம் அனுப்பத்தான் சொல்லிக்கொடுத்தார், அவருக்கு இன்னும் அனுப்பவில்லை, அது வேறு கதை. உங்கள் பெயரைத் தேடி அமுக்கினேன், பணம் அப்படியே உங்களுக்குத் திரும்பி வந்தது. மறுநாள் காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் அது எனக்குத் திரும்பி வந்தது. நான் பல் விளக்கிவிட்டுத்தான் திருப்பி அனுப்பினேன், அந்த மரியாதையை நான் விடவில்லை. பணத்தோடு நாலு வார்த்தை எழுத அதில் ஓர் இடம் இருக்கிறது என்பதை நீங்கள்தான் முதலில் கண்டுபிடித்தீர்கள். "ரிட்டயர்மென்ட் விருந்து, எங்களுக்குக் கடன் பிடிக்காது" என்று எழுதினீர்கள். நான், "எங்களுக்கும் பிடிக்காது" என்று எழுதினேன். அடுத்த தடவை, "ரிட்டயர்மென்ட் விருந்து, உழைத்த கூலியை வாங்கிக்கொள்வதில் வெட்கம் இல்லை" என்று வந்தது. கூலியா? சம்பந்தியம்மா, அன்றைக்கு முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. "சொந்தக்காரர்களிடம் கூலி வாங்குவது எங்கள் பரம்பரையில் இல்லை" என்று எழுதப் போனேன், அந்த இடத்தில் இவ்வளவு நீளமாக எழுத முடியாதாம், பாதியில் நின்றுவிட்டது. அதனால்தான் உங்களுக்கு, "சொந்தக்காரர்களிடம் கூலி வாங்கு" என்று வந்திருக்கிறது. அதைப் படித்துவிட்டு நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்பது மறுநாள் வந்த பணத்தின் வேகத்திலேயே தெரிந்தது. இப்படியே வாரக்கணக்கில் அந்தப் பணம் போனது, வந்தது.

இதற்கு நடுவில் அந்தக் கம்ப்யூட்டர், நீங்கள் அனுப்புகிற ஒவ்வொரு தடவையும் புதுசாக ஒரு விருந்து நடந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, நீங்கள் எழுதின ரிட்டயர்மென்ட் விருந்து என்பதையும் பிரதி எடுத்துக்கொண்டு, வரியோடு ஒரு பில் போட்டு உங்களுக்கே அனுப்பியிருக்கிறது. பில்லுக்கு அடியில், "தங்கள் தொடர்ந்த ஆதரவுக்கு நன்றி, எங்கள் சிறப்பு வாடிக்கையாளரான உங்களுக்கு அடுத்த விருந்தில் தள்ளுபடி உண்டு" என்று வேறு போட்டிருக்கிறது. நீங்கள் உங்கள் மகளைக் கூப்பிட்டு, "ஏண்டி, உன் மாமியா எனக்குத் தள்ளுபடி குடுக்கறாங்களா? எங்க வீட்ல அடுத்த விருந்து எப்பன்னு பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காங்களா?" என்று சத்தம் போட்டீர்களாம். அவள் ஆபீஸ் ஆர்டருக்காக அலைந்துகொண்டிருந்த நேரம். பாதிதான் காதில் வாங்கியிருக்கிறாள், மீதிப் பாதியைக் கிழவிகள் சண்டை என்று விட்டுவிட்டாள். ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன், தள்ளுபடி என் யோசனை இல்லை. எனக்குத் தோன்றியிருந்தால் முதல் நாளே கொடுத்திருப்பேன்.

கணக்கு முடித்து வரி கட்டுகிற நாள் வந்தது. ஆடிட்டர் கூப்பிட்டார். மாசக் கணக்கில் கோட்டுக்குக் கீழேயே இருந்த விற்பனை, கோட்டைத் தாண்டி எங்கேயோ போய் நிற்கிறது என்றார். உங்கள் மகள் சந்தோஷப்பட்டுவிட்டாள், பாவம், வியாபாரம் பெருகிவிட்டது என்று நினைத்திருக்கிறாள். பிறகு பில்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். முதல் பில்லில் இருந்தபடியே எல்லாவற்றிலும் அவள் அப்பா பெயர். நான் சமையல்கூடத்தின் பின்வாசல் வழியாகப் போய் உளுந்து வெயிலில் காய்கிறதா என்று பார்த்தேன். உளுந்து எதுவும் காயவில்லை, ஆனாலும் பார்த்தேன்.

வரி அலுவலகத்துக்கு நானே வர வேண்டும் என்று கடிதம் வந்தது, கடை என் பெயரில் இருக்கிறதே. நீளமான ஹால், ஒவ்வொரு மேசையிலும் பச்சைக் கயிறு கட்டின கோப்புகள். ஒரு கால் ஆடுகிற நாற்காலியை எனக்குப் போட்டார்கள். அதிகாரி ஒரு பெண், உங்கள் மகள் வயசுதான் இருக்கும், மூக்குக்கண்ணாடி போட்டிருந்தது. பில்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு கேட்டது.

"பாட்டி, இது எல்லாமே ஒரே பேருக்குப் போட்ட பில்லு. எல்லாத்துலயும் ரிட்டயர்மென்ட் விருந்துன்னு இருக்கு. ஒரு மனுஷன் வருஷத்துக்கு எத்தனை தடவை ரிட்டயர் ஆவாரு?"

"ஒரு தடவைதாம்மா. அதுக்கே அவருக்கு முழங்கால் போயிடுச்சு."

"அப்ப மத்த பில்லெல்லாம் எதுக்கு?"

"அது மரியாதைக்கு."

"மரியாதைக்கு வரி கட்டியிருக்கீங்களா?"

ஆடிட்டர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். இந்த ஆடிட்டரையும் நான் மறக்கப்போவதில்லை. அந்தப் பெண் விடவில்லை.

"சரி, நீங்க அவங்களுக்குப் பணம் அனுப்பியிருக்கீங்களே, அது எதுக்கு?"

"அவங்க எனக்கு அனுப்பினதுக்கு."

"அவங்க எதுக்கு அனுப்பினாங்க?"

"நான் அனுப்பினதுக்கு."

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டது. பிறகு ஆடிட்டரைப் பார்த்து, "வந்ததெல்லாம் விற்பனைன்னு நீங்களே பில்லு போட்டிருக்கீங்க. போனதுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. நான் என்ன சார் பண்றது?" என்றது. ஆடிட்டர் என்னவோ சட்டம் பேசினார். அது கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தது. "எங்க வீட்டுக் கதையை ஆபீஸ்ல பேசக் கூடாது பாட்டி, பேசினா நானும் ஒரு பில்லுக்கட்டு எடுத்துக் காட்டுவேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, வழியையும் அதுவே சொன்னது. விருந்து ஒன்றுதான், பணம் ஒன்றுதான், அதையேதான் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டோம் என்று எதிர்த்தரப்பு கையெழுத்துப் போட்ட தாள் வேண்டுமாம். எதிர்த்தரப்பு என்றால் நீங்கள், அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் பணம் கடைசியில் யாரிடம் நின்றது என்பதும் தாளில் இருக்க வேண்டுமாம். இரண்டு பேரில் ஒருத்தர் அதை வைத்துக்கொண்டே ஆக வேண்டும். திங்கட்கிழமைக்குள் தாள் வந்தால் ஒரே ஒரு பில், மற்றதை எல்லாம் அடித்துவிடலாம். வராவிட்டால் சம்பந்தி ஐயா அத்தனை தடவையும் ரிட்டயர் ஆனது ஆனதுதான்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் மகள் கத்துவாள் என்று நினைத்தேன், அதற்கு நான் பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவள் கத்தவில்லை. மதியச் சாப்பாட்டு டப்பாக்களை மூடுகிற மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு, "அத்தை, அந்த ஆபீஸ்காரங்க தெளிவாச் சொல்லிட்டாங்க. வரி ஏறினா வேற இடம் பார்த்துக்குவாங்களாம். அந்த ஆர்டரை நம்பித்தான் மாஸ்டருக்கும் பாத்திரம் தேய்க்கற அக்காவுக்கும் சம்பளம் ஏத்திக் குடுத்தேன். இப்ப அவங்ககிட்ட போய் என்ன சொல்லட்டும்? எங்க அம்மாவும் மாமியாரும் ரொம்ப ரோஷக்காரங்க, அதனால உங்க சம்பளத்தைக் குறைச்சுக்கறேன்னு சொல்லட்டுமா?" என்றாள்.

"உங்க அம்மா முதல்ல நிறுத்தட்டும்" என்றேன்.

"அவங்களும் இதையேதான் சொன்னாங்க. ஒரு எழுத்து மாறலை."

அதோடு சரி, அப்புறம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லி அதட்டி அடக்கியிருப்பேன், அந்த வித்தை எனக்குத் தெரியும். அழவும் இல்லை. டப்பா மூடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே இருந்தாள். மூடியெல்லாம் தீர்ந்துபோன பிறகும் அவள் கை அடுக்கிக்கொண்டிருந்தது. என் மகன் எங்கே இருந்தான் என்று கேட்பீர்கள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். இந்த வீட்டில் எப்போது பேச்சு முற்றினாலும் அவன் வெங்காயக் கூடையோடு உட்கார்ந்துவிடுவான், கண்ணீருக்குக் காரணம் கேட்க முடியாது பாருங்கள். அன்றைக்கு வாரம் முழுவதற்கும் சேர்த்து உரித்து வைத்துவிட்டான்.

உங்களிடமும் அவள் பேசுவதில்லை என்று வண்டிக்காரர் சொன்னார். கடைசியாகப் பேசினபோது, "பணம் அங்கதான் நிக்கணும், இங்க நின்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று நீங்கள் சொன்னதையும் சொன்னார். அதனால் நேற்று முழுவதும் உட்கார்ந்து யோசித்தேன். நான் வைத்துக்கொண்டால், சம்பந்தி வீட்டு விருந்துக்குக் கூலி வாங்கினவள் என்று உங்கள் தங்கை ஊரெல்லாம் கொட்டி முழக்குவாள். நீங்கள் வைத்துக்கொண்டால், பெண்ணின் மாமியார் வீட்டில் ஓசியில் விருந்து நடத்தினவர்கள் என்று நான் கொட்டி முழக்குவேன் என்று உங்களுக்குப் பயம். நியாயமான பயம்தான். முழக்கத்தான் செய்திருப்பேன். இப்படி இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கிற கயிற்றில் நடுவே மாட்டிக்கொண்டு நிற்பவள் என் மருமகள். ஆமாம், தப்பு செய்யும்போது உங்கள் மகள், மற்ற நேரமெல்லாம் என் மருமகள். நான் முகூர்த்த நாளில் மட்டும் மூட்டிக்கொண்டிருந்த அடுப்பை ஆபீஸ் ஆபீஸாகப் போய்ச் சொல்லி இந்த அளவுக்குக் கொண்டுவந்தவள் அவள். அவள் இதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியது கிடையாது. அவளைப் பற்றி நான் நினைவில் வைத்துக்கொள்ள ஒரு குறைகூட இல்லாமல் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறாள். என்னைப் போன்ற ஒருத்திக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகையால் பணத்தை நானே வைத்துக்கொள்கிறேன். எழுதிவிட்டேன், இன்னொரு தடவை எழுதச் சொல்லாதீர்கள். செவ்வாய்க்கிழமை நீங்கள் அனுப்பின பணம் என் கணக்கில் அப்படியே கிடக்கிறது, நான் தொடவில்லை, தொடப்போவதும் இல்லை. ஒரு விருந்து, ஒரு பில், அதற்குரிய வரி, முடிந்தது. தாளில் ஆடிட்டர் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார், அடியில் நான் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டேன். எதிர்த்தரப்பு என்று இருக்கிற இடத்தில் நீங்கள் போட வேண்டும். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் சம்பந்தியம்மா, உங்கள் தங்கையிடம் தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். ஓசிச் சாப்பாடு சாப்பிடாத உங்கள் வயிற்றில் இனிமேல் எல்லாம் நன்றாகச் செரிக்கட்டும். நானும் கூலி வாங்கினவள் என்ற பெயரோடு மிச்ச காலத்தை ஓட்டிவிடுகிறேன், எனக்கென்ன. இதோடு இந்தப் பண விவகாரத்தை நான் முடித்துக்கொண்டேன், என் பக்கத்திலிருந்து இனிமேல் உங்களுக்கு ஒரு சல்லிக்காசு வராது. நீங்களும் அந்தக் கட்டைவிரலை மடக்கி வைத்துக்கொள்ளுங்கள். இது என் முடிவு, நான் ஒரு முடிவு எடுத்தால் எடுத்ததுதான் என்பது உங்களுக்கே தெரியும்.

தாளை வண்டிக்காரரிடமே கொடுத்தனுப்புங்கள். அவரை வெயிலில் நிற்க வைக்காமல் ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள், போன தடவை வந்தபோது நீங்கள் கொடுக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை, நானாகத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கையெழுத்துப் போட்டதும் என் மருமகளுக்கு நீங்களே ஃபோன் செய்து சொல்லிவிடுங்கள். அவள் முதலில் உங்களோடு பேசட்டும். என்னோடு அப்புறம் பேசினால் போதும், நான் இங்கேதான் இருக்கிறேன்.

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் மரியாதை. சின்னவர்களுக்கு என் ஆசி. சம்பந்தி ஐயாவின் முழங்காலுக்கு என் விசாரிப்பு. உங்கள் தங்கைக்கு ஒன்றும் இல்லை.

எதையும் மனதில் வைத்துக்கொள்ளாத,
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: வண்டிக்காரர் கடிதத்தோடு ஒரு நாலடுக்கு கேரியரும் தருவார். முதலில் தாளில் கையெழுத்தைப் போட்டுவிட்டு, அவரை அனுப்பிவிட்டு, அப்புறம் திறங்கள். மேல் மூன்று அடுக்கில் சாப்பாடு, இது கடைச் சாப்பாடு இல்லை, என் வீட்டு அடுப்பில் என் கையால் செய்தது, அதனால் பில் கிடையாது. குழம்பில் உப்பைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறேன். அடி அடுக்கில் சாப்பாடு இல்லை. விருந்துப் பணம் எவ்வளவோ அவ்வளவும் ரொக்கமாக, துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். கடைப் பணத்தில் கை வைக்கவில்லை, என் சொந்தச் சேமிப்பு. ரொக்கத்தைக் கம்ப்யூட்டர் பார்க்காது, வங்கி பார்க்காது, ஆடிட்டருக்கும் என் மருமகளுக்கும் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. யாருக்கும் எந்தப் பாத்திரத்தையும் வெறுமனே திருப்பித் தராதவர்கள் நீங்கள் என்பது எனக்குத் தெரியும். இந்த ஒரு தடவை வெறும் கேரியராகவே திருப்பி அனுப்புங்கள். கழுவக்கூட வேண்டாம்.